ஊதியூர்ப் பக்கம் சிறுத்தையை யாராவது கொண்டுவந்து விட்டார்களா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள் திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள். அப்பா அம்மா காங்கேயம் பக்கத்து ஊதியூருக்குத் தெற்கே தோட்டத்தில் இருக்கிறார்கள், கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், இருபத்திரண்டு செம்மறி. போன மாதம் ஒரே ராத்திரியில் மூன்று உருப்படி செத்துக் கிடந்தன. ஊரில் சிறுத்தை என்கிறார்கள், வனத்துறைதான் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டது என்கிறார்கள், சிறுத்தை வந்தால் பின்னாடியே புலியும் வரும் என்கிறார்கள். "இதெல்லாம் உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "ஆட்டையெல்லாம் விற்றுவிடச் சொல்லட்டுமா?" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் கடைசியில் வருகிறேன், ஆனால் மற்றதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நான் கால்நடை மருத்துவர். முப்பத்தொரு வருடம் அரசு வேலை, அதில் ஒன்பது வருடம் தாளவாடி, ஆசனூர், கடம்பூர் மலைப் பக்கம், கடைசி ஒன்பது வருடம் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம். காட்டு மிருகம் அடித்ததாகச் சொல்லப்படும் ஆடு மாடுகளை அறுத்துப் பார்த்து, எது கொன்றது என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அப்படி நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். காட்டுயிர் ஆராய்ச்சியாளன் அல்ல. அதனால் கீழே எண்ணிக்கை, கணக்கு என்று வரும் இடங்களில் மற்றவர்கள் எடுத்த கணக்கைத்தான் சொல்கிறேன். பல், கழுத்து, தோல் என்று வரும் இடங்களில் என் கையால் தொட்டுப் பார்த்தது.

பெரும்பூனைகள் பழைய இடத்துக்குத் திரும்பி வருகின்றன என்று அடிக்கடி படிக்கிறோம். அது எல்லா ஊரிலும் ஒரே கதை அல்ல, உங்கள் ஊர் வதந்தி பிறந்ததே அந்தக் கதைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான். மத்தியப் பிரதேசத்தில் குனோ தேசியப் பூங்காவுக்கு 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகளும் 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் விமானத்தில் வந்தன. 1952லேயே இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவித்துவிட்ட மிருகம் அது, ஆள் கொண்டுவராமல் அது வர வழியே கிடையாது. ராஜஸ்தானில் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று 2005 வாக்கில் தெரிந்தபின் 2008ல் ரந்தம்போரிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள், மத்தியப் பிரதேசத்துப் பன்னாவில் 2009ல் அதே போல. இதையெல்லாம் டிவியில் பார்த்தவருக்கு, அங்கே விட்டார்கள் என்றால் இங்கேயும் விட்டிருப்பார்கள் என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் குஜராத்தில் பர்தா மலைக்கு 2023ல் ஒரு சிங்கம் தன் காலால் நடந்து போய்ச் சேர்ந்தது, 1879க்குப் பிறகு அந்த மலையில் சிங்கம் இல்லாமல் இருந்தது. நம் சத்தியமங்கலத்துப் புலி அந்த ரகம், தானாக வந்தது. உங்கள் ஊர்ச் சிறுத்தை இந்த இரண்டிலும் சேராது. கொங்கு நாட்டை விட்டு அது முழுசாகப் போனதே இல்லை, மலையடிவாரத்தில் ஒதுங்கியிருந்தது என்பதுதான் நான் பார்த்தவரை சரி.

புலிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், நம் பக்கம் நடந்த பெரிய மாற்றம் அது. 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்ட சில மாதங்களில் நான் தாளவாடிக்கு மாற்றலாகிப் போனேன். அதற்கு முன் பல வருடம் அந்தக் காட்டுக்குள் ஆராய்ச்சிக்கென்று யாரும் நிம்மதியாகப் போய்வர முடியாது. தந்தத்துக்கு யானை, மரத்துக்குச் சந்தனம் என்று காடு சூறை போயிருந்தது. வீரப்பன் இருந்தவரை காடு பத்திரமாக இருந்தது என்று இன்றைக்கும் டீக்கடையில் சொல்வார்கள். துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருந்த காட்டில் வேற்றாள் நுழையப் பயந்தது நிஜம்தான், ஆனால் கறிக்கு மான் சுடப்பட்டதும் நிஜம், இரை குறைந்த காட்டில் புலி நிற்காது. 2008ல் சத்தியமங்கலம் சரணாலயம் ஆயிற்று, 2011ல் 1,411 சதுர கிலோமீட்டராக விரிந்தது, 2013ல் புலிகள் காப்பகம். 2011 வாக்கில் இருபத்தைந்து புலி என்று சொன்ன இடத்தில் பத்து வருடத்தில் எண்பது என்றார்கள், புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்கான சர்வதேச விருதும் 2022ல் வந்தது.

இந்த இருபத்தைந்து, எண்பது என்ற எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். புலி கூடியது சந்தேகமில்லாத உண்மை, எனக்கு மாட்டுக் கழுத்திலேயே தெரிந்தது. தாளவாடியில் முதல் இரண்டு மூன்று வருடம் புலி அடித்த மாடு எப்போதாவது ஒன்று வரும், நான் கிளம்பும் வருடத்தில் மாதத்துக்கு ஒன்றாவது வந்தது. ஆனால் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. காப்பகத்தின் பரப்பு பெரிதாயிற்று, தானியங்கிக் கேமராக்கள் கூடின, முன்பு யாரும் போகாத சரிவுகளுக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். இருந்த புலியை இப்போது பார்க்கிறோம் என்பதும் அந்தக் கணக்கில் கொஞ்சம் கலந்திருக்கும். 2006க்கு முந்தைய கணக்கோடு ஒப்பிடுவது இன்னும் மோசம், அதுவரை கால்தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள், சரிஸ்காவில் அந்த முறையின் லட்சணம் தெரிந்துபோனது. கேமரா முறை வந்த பிறகான கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் 2006ல் 76 புலி, 2022ல் 306. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, ரேகை மாதிரி, அதனால் ஒரே புலியை இரண்டு தடவை எண்ணிவிடும் ஆபத்து குறைவு. இந்தப் போக்கை நான் நம்புகிறேன்.

ஏன் கூடியது என்பதற்கு வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டிய அவசியமே இல்லை. சத்தியமங்கலம் தனிக் காடு அல்ல. மேற்கே முதுமலை, பந்திப்பூர், வடக்கே பிலிகிரிரங்கன் மலை, கிழக்கே மாதேஸ்வரன் மலை எல்லாம் ஒட்டிக் கிடக்கின்றன, மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கிற இடம் அது. புலிக்குட்டி இரண்டு வயது வாக்கில் தாயைப் பிரிந்து தனக்கென்று இடம் தேடும், முக்கியமாக ஆண். பந்திப்பூரில் இடம் நெருக்கடியாக இருந்தால் மாயாற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். மகாராஷ்டிரத்தில் 2019ல் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய ஓர் இளம் ஆண்புலி இடம் தேடி 1,300 கிலோமீட்டருக்கு மேல் நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். வந்த புலி தங்க வேண்டுமானால் இரை வேண்டும். ஒரு புலி வருடத்துக்கு ஐம்பது மான் அளவுக்கு இரை அடிக்கும், அது குறையாமல் கிடைக்க ஐந்நூறு உருப்படி கொண்ட கூட்டம் அங்கே மேய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் புள்ளிமான், கடமான், காட்டெருமை மெல்ல மெல்லக் கூடின. அதற்கப்புறம்தான் புலி.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். கொங்குச் சமவெளியில் புலிக்கும் மனுசனுக்கும் பழைய வழக்கு உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டக் கிராமங்களில் புலிகுத்திக் கல் பார்த்திருப்பீர்கள். பின்னங்காலில் எழும்பி நிற்கும் புலியை ஓர் ஆள் ஈட்டியாலோ வாளாலோ குத்துவது போலச் செதுக்கியிருக்கும், பட்டியைக் காக்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல் என்பார்கள். அந்தக் கல்லில் இருப்பது வரிப்புலியா சிறுத்தையா என்று அடித்துச் சொல்ல முடியாது, நம் ஆட்கள் இரண்டையும் புலி என்றே சொல்லிப் பழகியவர்கள். (புஞ்சைப் புளியம்பட்டியை இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு, அது புளியமரத்துப் புளி.) காடு திருத்தப்பட்டு, வாய்க்கால் வந்து, மான் போய், துப்பாக்கியும் விஷமும் வந்தபிறகு சமவெளியில் வரிப்புலி நின்றுபோனது. சிறுத்தை மட்டும் மலையோரத்தில் தாக்குப்பிடித்தது. அதற்கு மான்தான் வேண்டும் என்று இல்லை. முயல், மயில், பன்றிக்குட்டி, ஆடு, எல்லாவற்றுக்கும் மேலே நாய் போதும். பகலில் படுக்க ஒரு புதர் இருந்தால் சரி.

அந்தப் புதரையும் நாயையும் கடந்த இருபது வருடத்தில் நாமே ஏராளமாகச் செய்து வைத்திருக்கிறோம். கீழ்பவானிப் பாசனத்தில் கரும்பு, வறண்ட பள்ளங்களிலும் குளத்து மடியிலும் சீமைக்கருவேலம், ஆள் கிடைக்காமல் தரிசு போட்ட நிலங்கள், தோண்டிவிட்டுப் போட்ட கல்குவாரிகள். தாளவாடியில் கைவிட்ட குவாரியில் சிறுத்தை குடியிருப்பது சாதாரணச் செய்தி. ரோட்டோரம் கொட்டும் கோழிக்கழிவு, அதைத் தின்று பெருகும் நாய்க்கூட்டம். மலையில் இடம் போதாத இளஞ்சிறுத்தை ஒன்று ஓடையைப் பிடித்தோ ஆற்றைப் பிடித்தோ ராத்திரியில் இறங்கினால் ஊதியூர் மலை வரை வர யாரும் வண்டி வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் அவிநாசி பாப்பாங்குளத்தில் சோளக்காட்டுக்குள் பதுங்கியிருந்த சிறுத்தை, ஆட்களைக் காயப்படுத்திவிட்டு, சில நாளில் திருப்பூர் அம்மாபாளையம் வரை வந்து மயக்க ஊசியில் பிடிபட்டது. 2023ல் உங்கள் ஊதியூரிலேயே வந்ததும் உங்களுக்குத் தெரியும். 2022ல் எடுத்த சிறுத்தைக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு 1,070 என்று வந்தது, அது காட்டுக்குள் எடுத்த கணக்கு. தோட்டத்திலும் கரும்புக்காட்டிலும் இருப்பது அதில் சேராது. சமவெளியில் சிறுத்தை கூடியிருக்கிறதா, அல்லது எல்லோர் கையிலும் போன், எல்லார் வீட்டிலும் சிசிடிவி என்று ஆனதால் நம் கண்ணில் கூடுதலாகப் படுகிறதா என்று கேட்டால், இரண்டும் என்பேன். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆதாரம் கிடையாது, சொல்கிறவரை நம்பாதீர்கள்.

வனத்துறை விட்டது என்ற வதந்தியில் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் இடத்தில் பிடித்த சிறுத்தையை இன்னோர் இடத்துக் காட்டில் கொண்டுபோய் விடும் வழக்கம் நாடு முழுக்க இருக்கிறது. அதை விடுவது பெரிய மலைக்காட்டில். சுற்றிலும் தோட்டமாக இருக்கும் ஊதியூர் போன்ற தனிக் குன்றில் விட ஒரு காரணமும் இல்லை, அப்படி விட்டதாக ஓர் ஆதாரத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனால் இப்படி இடம் மாற்றுவதே சிக்கலைக் கூட்டும் என்பது மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் காட்டுயிர் ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் செய்த ஆய்வில் தெரிந்தது. 2001க்குப் பிறகு அங்கே சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறு காட்டில் விட்டார்கள், மனிதர்களைத் தாக்குவது வருடத்துக்குச் சராசரி நாலு என்று இருந்தது பதினேழாக ஏறியது. தன் இடம் தெரிந்த சிறுத்தை ஆளைத் தவிர்க்கத் தெரிந்தது. தெரியாத இடத்தில் கூண்டைத் திறந்துவிட்ட சிறுத்தை தடுமாறுகிறது, பழைய இடத்துக்குத் திரும்பிப் பார்க்கிறது, காலியான இடத்துக்கு வேறொன்று வந்துவிடுகிறது. அதனால் கூண்டு வை, பிடி என்று ஊரே சத்தம் போடும்போது, எனக்கு அதில் முழு மனசு இல்லை. மனிதனைத் தாக்கியது, காயம்பட்டது, வீட்டுக்குள் சிக்கிக்கொண்டது என்றால் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஆட்டைத் தூக்கியது என்பதற்காக என்றால் பட்டியைத் திருத்துவதுதான் வழி.

இனி உங்கள் மூன்று ஆடு. அதைச் சிறுத்தைதான் கொன்றது என்று எப்படித் தெரிந்தது? நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: மூன்று செத்துக் கிடந்தன, தொடை கிழிந்திருந்தது, வால் இல்லை, இன்னும் இரண்டு நொண்டுகின்றன. இந்த வர்ணனையில் சிறுத்தையை விட நாயே எனக்கு அதிகம் தெரிகிறது. நாய் துரத்திக்கொண்டே பின்னால் கடிக்கும், பின்னந்தொடை, வால், மடி, காது. பலதைக் கடித்துப் போட்டுவிட்டு அரைகுறையாகத் தின்னும், தப்பியதும் காயத்தோடு நிற்கும். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை பக்கம் நாய் கடித்து ஆடு சாவது எவ்வளவு பெரிய துயரம் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும், செத்த ஆடுகளை ரோட்டில் கிடத்தி இழப்பீடு கேட்டு விவசாயிகள் மறியல் செய்த ஊர்கள் அவை. சிறுத்தை பொதுவாக ஒன்றைப் பிடிக்கும், தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும், முடிந்தால் வேலி தாண்டித் தூக்கிக்கொண்டு போய்விடும். பொதுவாக என்று சொன்னதைக் கவனியுங்கள். அடைத்த பட்டிக்குள் நுழைந்துவிட்டால் ஆடுகள் முட்டி மோதும் கலவரத்தில் ஐந்து பத்தைக்கூட அடித்துப் போட்டுவிடும், ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

முடிவு கட்ட வேண்டிய இடம் கழுத்து. அடுத்த தடவை, அப்படி ஒன்று வர வேண்டாம், வந்தால், தொண்டைப் பக்கத்து ரோமத்தை ஒரு பிளேடால் வழித்துப் பாருங்கள். மேலே ஒன்றும் தெரியாதது போல இருக்கும், வழித்தால் ஆழமான குழிகள் தெரியும், மேல்பல்லுக்கு இரண்டு, கீழ்ப்பல்லுக்கு இரண்டு. பிறகு அந்த இடத்துத் தோலைக் கீறி உரித்தால் அடியில் ரத்தம் கட்டிக் கறுத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது கடித்தால்தான் அப்படி ரத்தம் கட்டும். நோயில் செத்த ஆட்டை ராத்திரி நரியோ நாயோ வந்து தின்றிருந்தால் குழி இருக்கும், ரத்தக் கட்டு இருக்காது. நான் பார்த்ததில் "சிறுத்தை அடித்தது" என்று வந்தவற்றில் இப்படித் தானாகச் செத்தவையும் சில இருந்தன. அறுத்துப் பார்க்க ஆள் வரும்வரை மற்றவர்களைக் கழுத்தில் கை வைக்க விடாதீர்கள். தடம் இருந்தால் அதன் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள், ஊரே வந்து மிதித்துவிட்டால் அப்புறம் ஒன்றும் மிஞ்சாது. பூனை இனத்தின் தடத்தில் நகம் பதியாது, விரல் நான்கும் உருண்டையாக, உள்ளங்கால் மேட்டின் பின்பக்கம் மூன்று மடிப்பாக இருக்கும். நாய்த் தடம் நீளவாட்டம், நகம் பதியும். கழுதைப்புலிக்கும் நகம் பதியும், முன்னங்கால் பின்னங்காலை விடப் பெரிது. ஈர மண்ணில் எந்தத் தடமும் பெரிதாகத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம், நல்ல மழைக்கு மறுநாள் எனக்குக் காட்டிய "புலித் தடம்" எத்தனையோ நாய்த் தடம்.

தவறாகச் சொல்லிவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு வால்பாறையில் 2025 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் எட்டு வயதுப் பையன் இறந்தபோது எல்லோரும் சிறுத்தை என்றார்கள், பிறகு உடலைப் பரிசோதித்ததில் கரடி என்று தெரிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு அதே வால்பாறையில் நாலு வயதுச் சிறுமியைக் கொண்டுபோனது சிறுத்தையேதான். அதனால் "சிறுத்தை ஒன்றும் செய்யாது" என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். பெரியவர்களை அது ஒதுங்கிப் போகும், ஆனால் மங்கிய வெளிச்சத்தில் தனியாக விளையாடும் குழந்தை, குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆள், இந்த இரண்டும் அதன் கண்ணுக்கு ஆள் மாதிரித் தெரியாது. விடுமுறைக்கு உங்கள் குழந்தைகள் தோட்டத்துக்கு வந்தால் பொழுது சாய்ந்தபின் வாசலை விட்டு இறங்க வேண்டாம். கழிப்பறை சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டியே இருக்கட்டும், வெளிச்சத்தோடு. சிறுத்தை எங்காவது தென்பட்டால் கூட்டம் கூடிக் கல்லெறிந்து வளைக்காதீர்கள், காயங்களில் பெரும்பாதி அப்போது ஏற்படுபவை. அதே 2022 ஜனவரியில் கோவை பி.கே.புதூரில் பழைய கிடங்குக்குள் புகுந்த சிறுத்தையை ஊசி போடாமல், கூட்டத்தை அண்டவிடாமல், ஐந்து நாள் பொறுமையாகக் காத்திருந்தார்கள், அது தானாகக் கூண்டுக்குள் நடந்து வந்தது.

கடம்பூர் மலையில் ஒரு நாள் எனக்கு மறக்காது. ஐப்பசி அடைமழை, ஒரு பெரியம்மாவின் சினை மாடு ஓடைக்கரையில் கிடந்தது. பிடரியில் நாலு குழி, பின்சப்பைப் பக்கமிருந்து தின்ன ஆரம்பித்திருந்தது. புலி அநேகமாக அங்கிருந்துதான் தொடங்கும், சிறுத்தை வயிறு, நெஞ்சுப் பக்கம். வயிற்றுக்குள் ஏழு மாதக் கன்று. குழுவில் கடன் வாங்கி வாங்கிய மாடு, தவணை பாதி பாக்கி. நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா கேட்டார், "அது மறுபடி இங்க வருமுங்களா சாமி?" வரும் என்றேன், அடித்த இரையை விட்டுப் போகாது. அவர் மகன் ஒன்றும் பேசாமல் நின்றான், ஆனால் திண்ணை ஓரத்தில் வாழைக்குப் போடும் குருணை மருந்துப் பை பிரித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டேன். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மகன் பையை எடுத்து உள்ளே வைத்தான். பணம் வர ஏழு மாதம் ஆயிற்று, ஓர் அலுவலகத்தில் என் அறிக்கையைத் தொலைத்துவிட்டு மறுபடி எழுதித் தரச் சொன்னார்கள். அந்த ஏழு மாதமும் அந்தப் பையன் பொறுத்துக்கொண்டான் என்பது அவன் பெருந்தன்மை, வேறு எதுவும் அவனைத் தடுக்கவில்லை. 2025 ஜூனில் நம் எல்லையை ஒட்டிய மாதேஸ்வரன் மலையில் விஷம் வைத்த மாட்டைத் தின்று தாய்ப்புலியும் நாலு குட்டியும் ஒரே இடத்தில் செத்தன. செய்தி கேட்டதும் எனக்கு அந்தக் குருணைப் பைதான் கண்ணில் வந்தது. இழப்பீடு ஒரு வாரத்தில் கைக்கு வந்தால் பாதி விஷம் குறையும் என்பது என் அனுபவம். புலி வளர்ப்பதற்கு ஆகும் செலவில் இதுவும் ஒன்று என்று அரசு நினைக்க வேண்டும்.

இதே போலத்தான் பர்கூர் மலை மாட்டுக்காரர்கள் விஷயமும். 2024 ஜனவரியில் அந்தியூர்ப் பக்கம் தந்தை பெரியார் பெயரில் சரணாலயம் அறிவித்தார்கள், எண்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல். புலி நடமாட்டத்துக்கு அது நல்ல வழி, சத்தியமங்கலத்தையும் கர்நாடகக் காட்டையும் இணைக்கிறது. ஆனால் காட்டுக்குள் பட்டி போட்டு மாடு வளர்த்தே வாழ்ந்த சனம் அங்கே இருக்கிறது, சரணாலயத்தில் மேய்ச்சல் கூடாது என்றால் பர்கூர் மாடு என்ற இனமே எங்கே போகும்? பிலிகிரிரங்கன் மலையில் 2011ல் சோளகர் பழங்குடிகளுக்கு வன உரிமை கொடுத்தார்கள், அதனால் அங்கே புலி அழிந்துவிடவில்லை. மேய்ச்சலும் புலியும் எந்த அளவுக்கு ஒத்துப்போகும் என்பதில் விவரம் தெரிந்தவர்களே இரண்டு கட்சி. நான் மாட்டுக்காரர்கள் பக்கம் சாய்கிறவன், அதைத் தெரிந்துகொண்டே இதைப் படியுங்கள்.

காங்கேயத்துக்குப் புலி வருமா என்று கேட்டீர்கள். வந்து குடியிருக்காது. அதற்குப் பெரிய மான், தண்ணீர், விட்டுப்போகாத காடு மூன்றும் வேண்டும். கொறங்காடு எவ்வளவு பெரிதானாலும் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமரமும் கிளுவை வேலியும்தான், கடமான் கிடையாது. சத்தி, டி.என்.பாளையம், சிறுமுகை, மேட்டுப்பாளையம் அடிவாரங்களில் வழி தவறிய இளம்புலி ஒன்று எப்போதாவது தோட்டத்தில் தென்படலாம். உங்கள் ஊருக்கு அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை விட்டுத்தள்ளுங்கள். சிறுத்தை வேறு விஷயம். இப்போது இருப்பதைப் பிடித்தாலும் இன்னும் சில வருடத்தில் இன்னொன்று வரும்.

சரி, ஆடு. விற்க வேண்டாம். கொறங்காட்டில் ராத்திரி முழுக்க ஆட்டைத் திறந்தவெளியில் விட்டுவிட்டுச் சாளைக்கு வந்து படுப்பது நம் பக்கத்து வழக்கம், நாயும் சிறுத்தையும் இல்லாத காலத்தில் அது சரியாக இருந்தது. இனி ராத்திரிக்கு மட்டும் அடைப்பு வேண்டும். மூங்கில் படலும் கிளுவை வேலியும் சிறுத்தைக்கு ஒரு தடையே அல்ல, ஆட்டைக் கவ்விக்கொண்டே ஆள் உயர வேலியைத் தாண்டும். நாலு பக்கமும் சங்கிலிக் கம்பிவலை, மேலேயும் வலை, அது முக்கியம், அடியில் நாய் தோண்டாதபடி ஓர் அடி ஆழத்துக்குக் கல் பதித்து, கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். இருபத்திரண்டு ஆட்டுக்குப் பன்னிரண்டு அடிக்கு இருபது அடி போதும். சாளைக்குப் பக்கத்தில் அமையுங்கள், அப்பா எழுந்து டார்ச் அடித்தால் தெரிகிற தூரத்தில். செத்த கன்றையோ கோழியையோ பள்ளத்தில் வீசாமல் புதைக்கச் சொல்லுங்கள். நொண்டுகிற இரண்டு ஆட்டுக்கும் கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டி வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி இன்றைக்கே கேட்டுவிடுங்கள், நாயாக இருந்தால் அதுதான் எல்லாவற்றையும் விட அவசரம். அந்த ஆடுகளின் வாய்க்குள் யாரும் கை விட வேண்டாம், பாலும் கறக்க வேண்டாம். காயத்தின் படத்தைக் கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் தீப்பெட்டி வைத்து ஒன்று எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.